உருமாறிய காலமா, மேலேறிய காலமா? இமயப் பாறைக்கு எந்த வயது முறை பொருந்தும்

“இமாசலத்தின் சட்லஜ் பள்ளத்தாக்கில் ஜியோரி முதல் கர்ச்சாம் வரை நடந்து பதினெட்டுப் பாறை மாதிரிகள் எடுத்து வந்திருக்கிறேன். வயது அளக்க ஒரே ஒரு முறைக்குத்தான் பணம் இருக்கிறது. எதைச் செய்யட்டும்?”

இடமும் எண்ணிக்கையும் மாறினாலும், களப்பணிக் காலம் முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள். முதுகில் சுமந்து இறக்கிய கற்கள் மூட்டை மூட்டையாக அறையில் கிடக்கும். வழிகாட்டி ஒரு முறையைச் சொல்லியிருப்பார், மூத்த மாணவர் இன்னொன்றைச் சொல்லியிருப்பார், ஆய்வகத்தில் இடம் கிடைப்பதோ மூன்றாவதற்கு. கையில் இருக்கும் வசதியை வைத்து முறையைத் தேர்ந்துவிட்டு, வந்த எண்ணுக்குப் பிறகு பொருள் தேடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிச் செலவான பணமும் வருடங்களும் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில்: எதன் வயது வேண்டும்?

இந்திய நிலத்தட்டின் முன்விளிம்பு ஆசியாவுக்கு அடியில் புகுந்தபோது, அதன்மேல் இருந்த வண்டல்களும் பழைய கிரானைட்டுகளும் சேர்ந்தே கீழே இழுபட்டன. அங்கே அழுத்தத்திலும் வெப்பத்திலும் அவை வேறு தாதுக்களுள்ள பாறையாக மாறியதைத்தான் உருமாற்றம் என்கிறோம். ஆழம் கூடக்கூட அழுத்தம் உடனே ஏறும். வெப்பம் அப்படி ஏறாது, ஏனென்றால் பாறை மெல்லத்தான் சூடேறும். எனவே ஒரு பாறை மிக ஆழத்தில் இருந்த நேரமும் மிகச் சூடாக இருந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது மேலே திரும்பத் தொடங்கிய பிறகுதான் உச்ச வெப்பத்தை எட்டுகிறது. அதன்பின் குளிர்ந்துகொண்டே மேலே வருகிறது.

இந்தப் பயணத்தில் உள்ள தாதுக்கள் இருவகையான வயதைத் தருகின்றன. ஒன்று வளர்ந்த வயது: தாது படிகமாக உருவான நேரம். மற்றொன்று குளிர்ந்த வயது: கதிரியக்கத்தால் பிறந்த மகவுத் தனிமம் வெளியே கசிந்துகொண்டே இருந்து, ஒரு வெப்பநிலைக்குக் கீழே வந்ததும் படிகத்துக்குள் அடைபட்ட நேரம். அந்த வெப்பநிலையை மூடும் வெப்பநிலை என்கிறோம். 1973-இல் டாட்சன் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். அது நிலையான எண் அல்ல. படிகத்தின் அளவும் குளிரும் வேகமும் மாறினால் அதுவும் மாறும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். மலை உயர்வது வேறு, பாறை மேலேறி வெளிப்படுவது வேறு. மேலே உள்ள பாறையை ஆறும் பனியாறும் அரித்தெடுத்தாலோ, நிலப்பிளவு வழியே மேல்மூடி விலகினாலோ, மலையின் உயரம் ஒரு மீட்டர்கூடக் கூடாமல் ஆழத்துப் பாறை வெளியே வந்துவிடும். நாம் அளப்பது இந்த மேலேற்றத்தைத்தான், அதையும் குளிர்தலின் வழியாக மறைமுகமாக. கடல்மட்டத்திலிருந்து சிகரம் உயர்ந்த கதையைச் சொல்ல இங்கே பேசும் எந்த முறைக்கும் தகுதி கிடையாது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

ஆய்வேட்டில் எழுத விரும்பும் ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிப் பாருங்கள். “இந்தப் பாறை இத்தனை மில்லியன் ஆண்டுக்கு முன் கயனைட் தாது வளரும் நிலையில் உருமாறியது” என்பதும் “கடைசி மூன்று கிலோமீட்டரை இந்த வேகத்தில் ஏறியது” என்பதும் வேறு வேறு முறைகளைக் கேட்கும் வாக்கியங்கள். எனக்கு இதுதான் முதல் அளவுகோல், மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்து, தேவையான தாது உங்கள் பாறையில் உண்டா என்பது. உண்டென்றால் அது எந்த அமைப்பில் இருக்கிறது, கார்னெட் என்ற தாதுவுக்குள் அடைபட்டிருக்கிறதா, வெளியே மைக்காக்களின் (காக்காப்பொன்) நடுவே இருக்கிறதா? மூன்றாவது, வரும் எண்ணை ஓர் அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் கட்ட முடியுமா என்பது. நான்காவது, பாறை எவ்வளவு இளையது என்பது. இமயத்தில் இது பெரிய விஷயம். கடைசியில்தான் பணமும் காலமும். அதிலும் ஆய்வகத்தின் கட்டணப் பட்டியலில் வராத செலவுகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கீழே வரும் பெயர்களில் மோனசைட், சிர்க்கான், அபடைட் ஆகியவை பாறையில் சிறு மணிகளாக இருக்கும் தாதுக்கள். மஸ்கோவைட் வெள்ளை மைக்கா, பயோடைட் கரு மைக்கா. ஷிஸ்ட் ஏடு ஏடாகப் பிளக்கும் உருமாறிய பாறை, நைஸ் பட்டை பட்டையாக இருக்கும் உருமாறிய பாறை, எக்லோகைட் மிக ஆழத்தில் உருமாறிய பாறை, மிக்மடைட் ஒரு பகுதி உருகிய பாறை.

| முறை | சொல்லும் செய்தி | வெப்பநிலை (டிகிரி செல்சியஸ், தோராயமாக) | பொருந்தும் பாறை | பட்டியலில் வராத செலவு |
|---|---|---|---|---|
| மோனசைட், யுரேனியம்-தோரியம்-ஈயம் | வளர்ந்த வயது | ஈயம் கசிய 800-க்கு மேல் | களிமண்ணிலிருந்து உருமாறிய ஷிஸ்ட், நைஸ் | தனிம வரைபடம், பொருள்கொள்ளும் உழைப்பு |
| சிர்க்கான், யுரேனியம்-ஈயம் | வளர்ந்த வயது | ஈயம் கசிய 900-க்கு மேல் | எக்லோகைட், மிக்மடைட் | பழைய கரு, மெல்லிய விளிம்பு |
| கார்னெட், லுட்டீசியம்-ஹாஃப்னியம், சமாரியம்-நியோடிமியம் | வளர்ந்த வயது | 700-க்கு மேல் நம்பிக்கை குறையும் | எக்லோகைட், கார்னெட் ஷிஸ்ட் | தூய வேதியறை, காத்திருப்பு |
| மைக்கா, ஆர்கான்-ஆர்கான் | பெரும்பாலும் குளிர்ந்த வயது | மஸ்கோவைட் 400-425, பயோடைட் 300-350 | மைக்கா உள்ள எதுவும் | அணு உலை, மிகை ஆர்கான் |
| சிர்க்கான் பிளவுத்தடம் | குளிர்ந்த வயது | 240-ஐ ஒட்டி | கிரானைட், நைஸ், மணற்கல் | நீண்ட அரிப்பு, கண் உழைப்பு |
| அபடைட் பிளவுத்தடம் | குளிர்ந்த வயது | 110-ஐ ஒட்டி | அதே | இளம் பாறையில் தடமின்மை |
| அபடைட் ஹீலியம் | குளிர்ந்த வயது | 70-ஐ ஒட்டி | அதே | நல்ல மணி கிடைப்பது அரிது |

அட்டவணையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது கீழே.

## மோனசைட்: சீவலிலேயே வைத்து அளப்பது

களிமண் வழி வந்த பாறைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காரணத்தை ஒரு சீவலை (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக வெட்டித் தேய்த்த பாறைத் துண்டை) காட்டிச் சொன்னால் எளிதாகப் புரியும்.

கயனைட் ஷிஸ்ட் ஒன்றின் சீவலை நுண்ணோக்கியில் வைத்திருக்கிறேன். நடுவில் ஆறு மில்லிமீட்டர் கார்னெட் ஒன்று. அதன் உள்ளே பதினைந்து மைக்ரான் அளவில் இரண்டு மோனசைட் மணிகள். வெளியே மைக்காவின் மடிப்புகளுக்கு இடையே அறுபது மைக்ரானில் இன்னும் ஐந்தாறு. மின்னணுக் கற்றையால் தனிமங்களை அளக்கும் மின்னணு நுண்ணாய்வியில், இட்ரியம் என்ற தனிமத்தின் பரவலை வரைபடமாக எடுத்தால், கார்னெட்டுக்குள் இருப்பவை முழுக்கப் பிரகாசமாகத் தெரிகின்றன. வெளியே இருப்பவற்றின் நடு மங்கலாகவும் விளிம்பு மீண்டும் பிரகாசமாகவும் இருக்கிறது. இட்ரியத்தைக் கார்னெட் விரும்பி உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, உள்ளே அடைபட்ட மணிகள் கார்னெட் அவற்றை மூடுவதற்கு முன் வளர்ந்தவை. மங்கலான நடு, கார்னெட் இட்ரியத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டபின் வளர்ந்தது. பிரகாசமான விளிம்பு, கார்னெட் கரைந்து இட்ரியத்தைத் திருப்பிக் கொடுத்த நேரத்தில், அதாவது பாறை மேலே வரத் தொடங்கிய பிறகு வளர்ந்தது. மணியில் சிறு குழியிட்டு வயது அளக்க உதவும் லேசரை இந்த மூன்று இடத்திலும் தனித்தனியே பாய்ச்சினால் கிடைப்பவை மூன்று வெறும் எண்கள் அல்ல. பாறையின் பயணத்தில் மூன்று நிறுத்தங்கள் கிடைக்கின்றன. வேறு எந்த முறையும் இவ்வளவு நெருக்கமாகக் கதையையும் காலத்தையும் சேர்த்துத் தருவதில்லை.

குறைகளும் உண்டு. மோனசைட் எல்லாப் பாறையிலும் வராது. சுண்ணம் மிகுந்த பாறையில் அதன் இடத்தை அல்லனைட் என்ற தாது பிடித்துக்கொள்ளும். சுமார் 525 டிகிரிக்குக் கீழே உருமாறிய பாறையிலும் அதை எதிர்பார்க்க முடியாது. பாறை உருகியிருந்தால் மோனசைட் அந்த உருகலில் கரைந்து, குளிரும்போதுதான் திரும்பப் படிகமாகும். மிக்மடைட்டில் கிடைக்கும் வயதை உச்ச வெப்பத்தின் வயது என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இளம் பாறைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. மோனசைட் தோரியத்தை அள்ளி எடுத்துக்கொள்ளும் தாது. அதோடு தோரியம்-230 அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடும். அது சிதைந்து ஈயம்-206 ஆகும்போது யுரேனியம்-238 வழி வயது உண்மையைவிடக் கூடிவிடும். 1984-இல் ஷேரர் இதை விளக்கியது மகாலு கிரானைட்டை வைத்துத்தான், அதுவும் இமயப் பாறையே. எனவே இமயத்து மோனசைட்டில் தோரியம்-232 வழி வயதையே நம்புங்கள்.

தமிழ்நாட்டில் பயின்று இமயத்துக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நாம் பார்க்கும் அதே மோனசைட்தான் இதுவும். ஆனால் மதுரை வட்டாரத்து உருமாற்றப் பாறைகளில் மின்னணு நுண்ணாய்வியை மட்டும் வைத்து, தோரியம், யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் மொத்த அளவிலிருந்து வயது கணிக்கும் மலிவான வழி இமயத்தில் செல்லாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 விழுக்காடு தோரியமும் அரை விழுக்காடு யுரேனியமும் உள்ள மணியில் 550 மில்லியன் ஆண்டில் பத்து லட்சத்தில் சுமார் 1,600 பங்கு ஈயம் சேரும். அதை அந்தக் கருவி நன்றாக அளக்கும். அதே மணிக்கு வயது 20 மில்லியன் என்றால் சேர்ந்திருப்பது 60 பங்குகூட இராது. கருவியின் இரைச்சலில் அது தொலைந்துபோகும். வரைபடம் எடுக்க அந்தக் கருவியைப் பயன்படுத்துங்கள், வயதை லேசரிலோ, அயனிக் கற்றையால் அளக்கும் அயனி நுண்ணாய்வியிலோ எடுங்கள்.

## சிர்க்கான்: பெயர் பெரியது, இமயத்தில் பிடிவாதக்காரர்

சிர்க்கான் எதையும் மறப்பதில்லை. அதுவே அதன் பலம், அதுவே தொல்லை. 900 டிகிரியிலும் பழைய ஈயத்தை விடாமல் வைத்திருப்பதால், இமய நைஸ் ஒன்றில் எடுத்த சிர்க்கானின் நடுக்கரு 480 மில்லியன், 1,800 மில்லியன் என்று முந்தைய பிறவியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். இமய உருமாற்றம் அதைச் சுற்றி எழுதியது சில மைக்ரான் தடிமனுள்ள விளிம்பை மட்டுமே. லேசரின் குழி இருபது, முப்பது மைக்ரான் அகலம். விளிம்பிலும் கருவிலும் பாதிப் பாதி விழுந்தால், எந்த நிகழ்வுக்கும் சொந்தமில்லாத ஓர் எண் கிடைக்கும். அது வரைபடத்தில் மிக அழகாகவும் இருக்கும்.

நல்ல விளிம்பு கிடைத்தாலும், அது எந்த நிலையில் வளர்ந்தது என்ற கேள்வி மிஞ்சும். லடாக்கின் சோ மொராரி இதற்குச் சரியான பாடம். அங்குள்ள எக்லோகைட்டின் கார்னெட்டுக்குள் கோயசைட் (மிக உயர்ந்த அழுத்தத்தில் உருவாகும் சிலிக்கா வடிவம்) இருப்பதை முகர்ஜியும் சச்சானும் 2001-இல் காட்டினார்கள். இந்தியத் தட்டின் ஒரு துண்டு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது என்பது அதன் பொருள். எப்போது போனது? 2000-இல் தெ சிகுவாயே குழுவினர் கார்னெட்டின் இரண்டு முறைகளாலும் 55 மில்லியன் ஆண்டு என்றார்கள், முன்பே கிடைத்திருந்த அல்லனைட் வயதும் அதோடு ஒத்துப்போனது. பிழை எல்லை பெரிதாகவே இருந்தது. 2005-இல் லீச் குழுவினர் அயனி நுண்ணாய்வியில் சிர்க்கான் விளிம்புகளை அளந்து 53 என்றார்கள். 2013-இல் டொனால்ட்சன் குழுவினர் சிர்க்கானின் வயதையும் அருமண் தனிமங்களின் (லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான வரிசை) அளவுகளையும் ஒரே புள்ளியில் சேர்த்தே அளந்து, 47 முதல் 43 வரை என்றார்கள்.

அதே பாறைத்தொகுதி, அதே தாது, ஏறக்குறைய எட்டு மில்லியன் ஆண்டு இடைவெளி. நிலத்தட்டு ஆண்டுக்கு 5 செ.மீ.தான் நகர்ந்தது என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் எட்டு மில்லியன் ஆண்டு என்பது 400 கி.மீ. நகர்வு. இந்தியா எப்போது ஆசியாவை மோதியது என்ற கணக்கே இதில் தொங்குகிறது. எனவே என் கருத்து உறுதியானது: அருமண் தனிம அளவுகள் இல்லாமல் உருமாற்ற சிர்க்கானின் வயதை மட்டும் எடுக்காதீர்கள். எக்லோகைட் நிலையில் வளர்ந்த சிர்க்கானில், யூரோப்பியத்தை உறிஞ்சும் பிளாஜியோகிளேஸ் தாது இல்லாததால், அருமண் வரைபடத்தில் யூரோப்பியம் பள்ளம் இராது. கன அருமண்களை உறிஞ்சும் கார்னெட் பக்கத்திலேயே இருப்பதால், வரைபடத்தில் அவற்றின் பகுதி தட்டையாக இருக்கும். இந்த இரண்டு அடையாளமும் இருந்தால் வயதுக்கு முகவரி கிடைத்துவிடும். சற்றுக் கூடுதல் கட்டணம் ஆகும், அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சிர்க்கான் நல்ல தேர்வாவது எக்லோகைட்டிலும், உருகிய பாறையிலும், உருமாற்றப் பாறையைக் குறுக்கே வெட்டிப் போகும் வெண்கிரானைட் நரம்புகளிலும்தான். அந்த நரம்பின் வயது தெரிந்தால் வெட்டுப்பட்ட மடிப்பு அதற்கு முந்தையது என்பது சந்தேகமின்றித் தெரிந்துவிடும்.

## கார்னெட்: நேரடிச் சாட்சி, ஆனால் பொறுமை வேண்டும்

அழுத்தத்தையும் வெப்பத்தையும் நாம் கணிப்பது பெரும்பாலும் கார்னெட்டின் வேதியமைப்பிலிருந்து. அந்தக் கார்னெட்டுக்கே வயதும் கிடைத்தால் அதைவிட நேரான வழி இல்லை.

லுட்டீசியம் கார்னெட்டின் நடுவில் குவியும். அதனால் லுட்டீசியம்-ஹாஃப்னியம் வயது கார்னெட் வளரத் தொடங்கிய காலத்தின் பக்கம் சாயும். சமாரியம்-நியோடிமியம் வயது விளிம்பின் பக்கம், பிந்தைய காலத்துக்குச் சாயும். ஒரே கார்னெட்டில் இரண்டும் எடுத்தால், வளர்ச்சி எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கே ஒரு மதிப்பீடு கிடைக்கும். பெரிய கார்னெட் இருந்தால் வளையம் வளையமாகத் துளையிட்டு நடு முதல் விளிம்பு வரை தனித்தனி வயதுகூட எடுக்கிறார்கள்.

மறைந்த செலவு இதில்தான் மிக அதிகம். கார்னெட்டுக்குள் சிக்கியிருக்கும் சிர்க்கான் துணுக்குகள் பழைய ஹாஃப்னியத்தைச் சுமந்திருக்கும். கரைக்கும்போது அவையும் கரைந்தால், வயதைத் தரும் சமவயதுக் கோடு கெட்டுப்போகும். அதனால் உயர் அழுத்தக் கலத்தில் போடாமல், சிர்க்கான் கரையாதபடி மேசைமேல் சூட்டில் கரைக்க வேண்டும். சமாரியம்-நியோடிமியத்துக்கு அபடைட்டும் மோனசைட்டும் அதே தொல்லையைத் தரும், அவற்றை அமிலத்தால் முன்கூட்டியே கழுவி நீக்க வேண்டும். இவ்வளவையும் தூய வேதியறையில் செய்து முடிக்கும்போது ஒரு மாதிரிக்கு ஒரு வயதுதான் கிடைத்திருக்கும். மோனசைட்டில் ஒரு நாளில் நூறு புள்ளி அளந்துவிடலாம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாறை 700, 750 டிகிரியைத் தாண்டி நீண்ட காலம் இருந்திருந்தால் தனிமங்கள் உள்ளேயே கலைந்து வயதும் குழம்பும்.

எக்லோகைட்டும் ஆம்பிபோலைட் பாறையும்தான் கைவசம் உண்டு, மோனசைட் இல்லை என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். மூன்று மாதிரி போதும். முப்பது வேண்டாம்.

## மைக்கா ஆர்கான்: எளிதாகக் கிடைப்பதாலேயே அதிகம் தவறாகப் படிக்கப்படுவது

காக்காப்பொன் இல்லாத இமயப் பாறையைக் காண்பது அரிது. மஸ்கோவைட்டைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம், பொட்டாசியம் நிறைய இருக்கும், இளம் பாறையிலும் அளவு துல்லியமாக வரும். ஆகவே எல்லோரும் முதலில் இங்கேதான் வருகிறார்கள்.

அந்த வயதை உருமாற்ற வயது என்று எழுதிவிடுவதுதான் சிக்கல். 600 டிகிரியில் உருமாறிய பாறையின் மஸ்கோவைட் சொல்வது, அது 400, 425 டிகிரியைக் கடந்து குளிர்ந்த நேரத்தை. அந்த இடைவெளி சில மில்லியன் ஆண்டாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். அந்த இடைவெளிதான் மேலேற்றத்தின் கதை. அதை அழித்துவிட்டு ஒரே வயதாக எழுதுவது பெரிய நஷ்டம்.

இரண்டாவது, மிகை ஆர்கான். மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைராவில் 1984-இல் ஷோபான் கோயசைட்டைக் கண்டார். அங்குள்ள ஃபென்ஜைட் மைக்கா ஆர்கான் முறையில் 100 மில்லியன் ஆண்டை ஒட்டி வயது காட்டியது. யுரேனியம்-ஈயமும் பிறகு வந்த கார்னெட் வயதும் 35 மில்லியனை ஒட்டித்தான் அந்தப் பாறை ஆழத்தில் இருந்தது என்று காட்டின. மைக்கா பொய் சொல்லவில்லை. ஆழத்தில் பழைய ஆர்கானுக்கு வெளியேற வழியில்லாமல் அது மைக்காவுக்குள்ளேயே தங்கிவிட்டது. இமயத்திலும் பயோடைட் தன் பக்கத்து மஸ்கோவைட்டைவிட முதியதாகக் காட்டுவது பலர் கண்ட ஒன்று. மூடும் வெப்பநிலைப்படி அது இளையதாக இருக்க வேண்டும். இப்படி வந்தால் பயோடைட்டை ஒதுக்கிவிடுங்கள், சராசரி எடுக்காதீர்கள்.

செலவுப் பட்டியலில் அணு உலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரியை நியூட்ரானில் வைத்து பொட்டாசியம்-39-ஐ ஆர்கான்-39 ஆக்க வேண்டும். உலையில் இடம் கிடைக்கும்வரை ஒரு காத்திருப்பு, வெளியே வந்தபின் கதிரியக்கம் தணியும்வரை இன்னொரு காத்திருப்பு. உதவித்தொகை முடிய எட்டு மாதமே இருக்கிறது என்றால் இதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

இந்த முறை உண்மையிலேயே சிறந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. 400 டிகிரிக்குக் கீழே நகர்ந்த சறுக்கு வலயத்தில், நகரும்போதே புதிதாக வளர்ந்த மஸ்கோவைட். அங்கே குளிர்ந்த வயது கிடையாது, வளர்ந்த வயதே கிடைக்கும். அதாவது நிலப்பிளவு நகர்ந்த காலமே.

## பிளவுத்தடமும் ஹீலியமும்: கடைசி சில கிலோமீட்டர்

யுரேனியம்-238 தானாகப் பிளக்கும்போது அணுத்துண்டுகள் படிகத்தைக் கிழித்துக்கொண்டு போன தடம்தான் பிளவுத்தடம். அபடைட் மணிகளைப் பசையில் பதித்து, தேய்த்து, மெருகேற்றி, 5.5 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 21 டிகிரியில் சரியாக 20 விநாடி முக்கி எடுத்தால் அந்தத் தடங்கள் நுண்ணோக்கியில் மெல்லிய ஊசிகளாகத் தெரியும். எண்ணினால் வயது. 60 டிகிரியிலிருந்தே தடங்கள் சுருங்கத் தொடங்கும், 110, 120-இல் முழுக்க அழிந்துவிடும். சுருங்கிய தடத்தின் நீளமே குளிர்ந்த விதத்தைச் சொல்லும் என்பது இந்த முறையின் அழகு.

ஆனால் இமயத்தில் இந்த அழகு அவ்வளவு எளிதில் கைக்கு வராது. சட்லஜில் ஜியோரி, வாங்டு பகுதியின் அபடைட் வயதுகள் 5 மில்லியன் ஆண்டுக்கும் கீழே. யுரேனியம் பத்து லட்சத்தில் 10 பங்கும், வயது 2 மில்லியனும் என்று வைத்துக்கொண்டால், நூறுக்கு ஐம்பது மைக்ரான் பரப்பில் சராசரியாக அரைத் தடம்தான் இருக்கும். இருபது மணி எண்ணினால் பத்துத் தடம், பிழை முப்பது விழுக்காட்டுக்கும் மேல். நூறு மணி எண்ணினால்தான் அது பதினான்குக்கு இறங்கும். நீளம் அளக்கப் போதுமான தடம் கிடைப்பது இன்னும் கடினம். “தடமே இல்லாத மணி” என்று ஒதுக்கிவிடும் பழக்கம் வேறு சிலரிடம் இருக்கிறது. அப்படி ஒதுக்கினால் வயது கூடிவிடும். பூஜ்யமும் எண்ணிக்கைதான், அதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

சிர்க்கான் பிளவுத்தடத்தில் இந்த வறுமை இல்லை, யுரேனியம் நிறைய உண்டு. பதிலுக்கு, உருகிய சோடியம்-பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பல மணி நேரம் அரிக்க வேண்டும். கதிரியக்கத்தால் பிறந்து மணிக்குள் சேர்ந்த ஹீலியத்தை அளக்கும் அபடைட் ஹீலியம் முறையில், ஆல்பா துகள் (அதுவே ஹீலியமாகிறது) ஏறக்குறைய 20 மைக்ரான் பாய்ந்து மணியைவிட்டு வெளியேறுவதால் திருத்தம் தேவை. 60 மைக்ரானுக்குக் குறைந்த மணி உதவாது, உள்ளே ஒரு சிர்க்கான் துணுக்கு இருந்தாலும் உதவாது. இமய நைஸில் அப்படிச் சுத்தமான மணி தேடுவது பெரிய வேலை.

எண் கிடைத்தபின், அதிலிருந்து பாறை ஏறிய வேகத்தைக் கணக்கிடுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அபடைட் வயது 2 மில்லியன், நிலத்தில் கிலோமீட்டருக்கு 30 டிகிரி வெப்ப உயர்வு, மேற்பரப்பு 10 டிகிரி என்றால், பாறை 3.3 கி.மீ. ஏறியிருக்கிறது, ஆண்டுக்கு 1.7 மி.மீ. ஆனால் பாறை வேகமாக ஏறும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு வரும். சட்லஜ் வெந்நீர் ஊற்றுகள் உள்ள பள்ளத்தாக்கு. அங்கே கிலோமீட்டருக்கு 60 டிகிரி என்று எடுத்தால் வேகம் 0.8 மி.மீ. ஆகிவிடும். அளவு மாறவில்லை, அனுமானம் மாறியது, விடை பாதியானது. இதனால்தான் ஆற்றங்கரையில் மட்டும் மாதிரி எடுக்காமல், ஒரே சரிவில் ஆயிரம் மீட்டராவது ஏறி வரிசையாக எடுக்கச் சொல்கிறேன். இரண்டு தாதுக்களின் வயதை ஒப்பிட்டாலும் இந்தச் சார்பு கொஞ்சம் குறையும்.

## ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால்

கயனைட் அல்லது ஸ்டாரோலைட் ஷிஸ்ட், உருகல் இல்லை, கேள்வி உருமாற்றம் பற்றியது: சீவலிலேயே மோனசைட். எக்லோகைட்: கார்னெட் லுட்டீசியம்-ஹாஃப்னியம், வாய்ப்பிருந்தால் அருமண்களோடு சிர்க்கான். தாழ்வெப்பச் சறுக்கு வலயம்: புதிய மஸ்கோவைட்டின் ஆர்கான். பள்ளத்தாக்கு சமீபத்தில் எவ்வளவு வேகமாக அரிக்கப்பட்டது என்பதே கேள்வி: உயர வரிசையில் அபடைட், அதோடு சிர்க்கான் பிளவுத்தடம். மேற்கு இமயத்தின் நங்க பர்பத்தைப் போல மிக வேகமாக மேலே வந்த இடமானால் மைக்காகூட மிக இளைய வயது காட்டும். அங்கே எந்தக் குளிர்வு முறையும் பலன் தரும், அனுமானங்கள்தான் கெடுக்கும்.

ஆனால் ஒன்றோடு நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தையே நான் ஏற்கத் தயங்குகிறேன். டோரா மைராவைப் பற்றி 2001-இல் ருபாட்டோவும் ஹெர்மனும் வெளியிட்டதைப் பாருங்கள். வெவ்வேறு அழுத்தத்தில் வளர்ந்த டைட்டனைட் தாதுக்களிலிருந்து 35.1, 32.9, 31.8 மில்லியன் ஆண்டு. அதோடு முன்பே இருந்த சிர்க்கான் பிளவுத்தட வயது 29.9. நான்கு எண்களில், நூறு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திலிருந்து ஏறக்குறைய மேற்பரப்பு வரை ஐந்து மில்லியன் ஆண்டுப் பயணம் முழுவதும் வந்துவிட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 3.4 செ.மீ. வேகம். பதினெட்டு மாதிரிக்கு ஒரு முறை என்ற திட்டத்தால் இதைச் சொல்லவே முடியாது.

ஆகவே சட்லஜ் நண்பருக்கு என் பதில் இது. உங்கள் பதினெட்டில் ஒரு பகுதி வாங்டு கிரானைட் நைஸாகத்தான் இருக்கும். அதில் சிர்க்கான் எடுத்தால் 1,800 மில்லியன் ஆண்டைத் தாண்டி எதுவும் பேசாது, இமய உருமாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடைக்காது. அவற்றைக் குளிர்வு முறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள ஷிஸ்ட்கள் எல்லாவற்றையும் முதலில் சீவலாக வெட்டுங்கள். சீவலுக்கு ஆகும் பணம் மற்ற எதற்கும் ஈடில்லாத அளவு குறைவு, மோனசைட் இருக்கிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கர்ச்சாம் அருகே உள்ள நிலப்பிளவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டுக்கும் அப்பால் தலா ஒன்று என நான்கு ஷிஸ்ட்களில் மோனசைட்டை வரைபடத்தோடு அளங்கள். அதே நான்கிலும், கூடவே இரண்டு நைஸ்களிலும் அபடைட் பிளவுத்தடம் எண்ணுங்கள், மணிக்கு மணி, பூஜ்யம் உட்பட. மிச்சமுள்ள கற்களை எண் எழுதி, உலர்ந்த இடத்தில், அடுத்து வரப்போகும் மாணவருக்காக அடுக்கி வையுங்கள்.